ஹெட்லைட் மங்கலான லொறி: கராஜா, முறைப்பாடா, மத்தியஸ்த சபையா, வழக்கா?

ரம்பொடை வளைவுகளில் இரவு பதினொரு மணிக்குப் பனிமூட்டம் இறங்கிவிட்டால், நல்ல விளக்குள்ள லொறிக்காரரே கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, வெள்ளைக்கோட்டைத் தேடித் தேடித்தான் போவார். விளக்கு மங்கிய லொறிக்காரருக்கு அந்தக் கோடும் தெரியாது. முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவார். அந்த பஸ் திரும்பிவிட்டால், அடுத்தது வரும்வரை ஓரங்கட்டி நிற்பார். நான் அப்படிப் பல இரவுகள் நின்றிருக்கிறேன்.

அண்மையில் மூன்று பேர் ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். ஒருவர் பூண்டுலோயாவில் தேயிலைக் கொழுந்து லொறி வைத்திருப்பவர். லீசிங்கில் எடுத்த புத்தம்புது லொறி. இன்னொருவர் நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்குக் கரட்டும் லீக்ஸும் ஏற்றுபவர். எட்டு மாதத்துக்கு முன், பாவித்த வாகனம் விற்கும் ஒரு யார்டில் பழைய ஜப்பான் லொறி வாங்கியவர். மூன்றாமவர் பண்டாரவளைக்காரர், வெலிமடையில் ஒரு தனிநபரிடம் சின்னப் பட்டா லொறி வாங்கியவர். மூவருக்கும் ஹெட்லைட் போதவில்லை. மூவரும் கேட்டது, "வழக்குப் போடலாமா?"

போடலாம். ஆனால் அது ஐந்து வழிகளில் ஒன்றுதான், அதுவும் பெரும்பாலும் கடைசி வழி. மூவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றல்ல. ஏன் அப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது நாட்கணக்கு. மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கழுத்தைப் பிடிக்கும். சில கதவுகள் மூன்றே மாதத்தில் சாத்திவிடும், சில ஆறு ஆண்டு வரை திறந்திருக்கும்.

இரண்டாவது, விற்றவர் யார் என்பது. முகவரா, யார்ட்காரரா, பக்கத்து ஊர்க்காரரா என்பதைப் பொறுத்துச் சட்டம் முகத்தை மாற்றிக்கொள்ளும்.

மூன்றாவது, லொறி நிற்கும் நாள். சட்டத்தரணியின் கட்டணத்தை எல்லோரும் கணக்கில் எடுப்பார்கள். வழக்குத் தவணைக்குப் போன நாளில் கைவிட்டுப் போன ஹயரை யாரும் எழுதி வைப்பதில்லை. லீசிங் தவணைக்கோ நீதிமன்றத் தவணை ஒரு பொருட்டே அல்ல. அது மாதம் பிறந்தால் வந்து நிற்கும்.

நான்காவது, உங்களுக்கு என்ன வேண்டும்? வெளிச்சமா, காசா, அவரை ஒரு கை பார்ப்பதா? மூன்றாவதுதான் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குப் பெரிதாக உதவாது.

ஐந்தாவது சான்று. இதற்குத் தனியாகவே இடம் ஒதுக்க வேண்டும்.

## மங்கலா, பழுதா?

ஹெட்லைட் "நன்றாக இல்லை" என்பது வேறு, "பழுது" என்பது வேறு. வழக்கு முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் நடக்கும். விற்றவர் சொல்லப்போகும் முதல் வாக்கியம் எனக்கு இப்போதே தெரியும்: "இந்த மொடலுக்கு விளக்கு இவ்வளவுதான்." அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. தயாரிப்பு விதிகள் குறைந்தபட்ச அளவைத்தான் சொல்கின்றன. அந்த அளவைத் தொட்டுவிட்டு அதற்கு மேல் எதுவும் தராத வாகனங்கள் உலகெங்கும் ஓடுகின்றன. அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவகம் 2016இல் பதினொரு பிக்கப் வாகனங்களின் ஹெட்லைட்டைச் சோதித்தபோது ஒன்றுக்குத்தான் 'நல்லது' என்ற மதிப்பீடு கிடைத்தது. மற்றப் பத்தும் சட்டப்படி விற்பனையில் இருந்தவைதான்.

ஆகவே வாயைத் திறப்பதற்கு முன் மூன்று சோதனைகள். மூன்றும் சேர்த்து ஒரு மணித்தியாலம்.

ஒன்று, சுவர்ச் சோதனை. சமதரையில் சுவரிலிருந்து பத்து மீற்றர் தள்ளி லொறியை நிறுத்தி டிம் போடுங்கள். சுவரில் விழும் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் நடுமட்டத்திலிருந்து ஏறத்தாழ பத்து சென்றிமீற்றர் கீழே நின்றால் பொதுவாகச் சரி. அரை மீற்றர் கீழே கிடந்தால் அது மங்கல் அல்ல, குனிந்த விளக்கு. ஒரு திருகாணியில் தீர்ந்துவிடும். பிறகு பாரம் ஏற்றிவிட்டு இன்னொரு முறை பாருங்கள். பின்பக்கம் மூன்று தொன் கரட் ஏறியதும் முன்பக்கம் நிமிர்ந்து, வெளிச்சம் எதிரில் வருபவரின் கண்ணில் போய் உட்கார்ந்திருக்கும்.

இரண்டு, கண்ணாடியில் உள்ள அம்புக்குறி. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். நமது டிம் விளக்கு இடது ஓரத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஐரோப்பிய முறை முத்திரையுள்ள (வட்டத்துக்குள் E எழுத்து) விளக்கானால், லொறிக்கு முன்னால் நின்று கண்ணாடியைப் பாருங்கள். உங்கள் வலப்பக்கத்தைக் காட்டும் அம்பு இருந்தால் அது இடப்பக்கப் போக்குவரத்துக்கான விளக்கு. முத்திரை இருந்தும் அம்பு இல்லை என்றால் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்த விளக்கை யாரோ மாட்டியிருக்கிறார்கள். பள்ளத்துப் பக்கம் இருட்டாகவும் எதிரே வருபவரின் கண் வெளிச்சமாகவும் இருப்பதற்கு அதுவே போதும். ஜப்பான் உள்நாட்டு விளக்குகளில் இந்த முத்திரை இல்லாமலும் இருக்கும். அவர்களும் இடப்பக்கம் ஓட்டுபவர்கள் என்பதால் பயமில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, பற்றரியில் எத்தனை வோல்ட், பல்பின் செருகியில் எத்தனை வோல்ட் என்று மீற்றரால் அளக்க வேண்டும். மின்னழுத்தம் பத்து வீதம் குறைந்தால் ஹலோஜன் பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது வீதம் குறையும். என் லொறியில் பற்றரி 27.6 காட்டியது, பல்பின் செருகி 23.9 காட்டியது. ஏறத்தாழ நாற்பது வீத வெளிச்சம் வழியிலேயே கரைந்துகொண்டிருந்தது. எங்கே என்று கராஜ் பாஸ் தேடினார். இடது விளக்கின் பின்னால், யாரோ வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றிய ஓர் இணைப்பு. டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்துக் கிடந்தது.

இந்த இடத்தில்தான் நான் முட்டாளானேன். பாஸ் அந்த இணைப்பை வெட்டி எறிந்தார், புதிய வயர் இழுத்தார், ரிலே போட்டார். வெளிச்சம் வந்தது, சந்தோஷமாகத் தேநீர் குடித்தோம். யார்ட்காரர் எனக்குக் கொடுத்த லொறியில் வயர் வெட்டப்பட்டிருந்தது என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சான்று, அந்தப் பச்சை பூத்த இரண்டு அங்குலம், கராஜ் வாசலில் எண்ணெய்ச் சேற்றில் கிடந்தது.

விளக்கை மாற்றினால் சான்று போகும், மாற்றாவிட்டால் உயிர் போகும். கீழே உள்ள ஐந்து வழிகளிலும் உள்ள சிக்கல் இதுதான். இதற்கு நான் கண்ட விடை ஒழுங்கை மாற்றிச் செய்வது: முதலில் அளவு, படம், காணொளி, பிறகு விற்றவருக்குப் பதிவுத் தபாலில் "இந்தத் திகதிக்குள் வந்து பாருங்கள், இல்லையேல் கழற்றுவேன்" என்று ஒரு கடிதம், அந்தத் திகதி தாண்டியதும், வாகனம் தெரிந்த ஒரு வெளியாளின் எழுத்து அறிக்கையோடு கழற்றுதல், கழற்றியதைத் திகதி எழுதிக் கட்டி வைத்தல். அதுவரை இரவில் ஓடக்கூடாது.

ஓடக்கூடாது என்பதை இலேசாகச் சொல்லவில்லை. "இந்த ஹெட்லைட்டில் இரவில் பாதுகாப்பாக ஓட்ட முடியாது" என்று நீங்களே கையெழுத்திட்டு எழுதிய கடிதம் அது. அதற்கடுத்த கிழமை இரவில் விபத்து நடந்தால், அந்தக் கடிதம் விற்றவருக்கு எதிரான சான்று என்பதைவிட, தெரிந்துகொண்டே ஓட்டினீர்கள் என்பதற்கான சான்றாகிவிடும்.

## வழி 1: கைக்காசில் சரிசெய்தல்

வயர், ரிலே, நல்ல பல்ப், மஞ்சளித்த கண்ணாடியைத் தேய்த்தல். பெரும்பாலான பழைய லொறிகளுக்கு இதுவே போதும். 24 வோல்ட் லொறிக்கு 75/70 வாட் எச்4 பல்ப், 12 வோல்ட்டுக்கு 60/55. அதற்கு மேல் வாட் ஏற்றினால் செருகி உருகும்.

கடையில் "எல்.ஈ.டி. போடுங்கள், பகல் மாதிரி இருக்கும்" என்பார்கள். ஹலோஜனுக்காகச் செய்த கிண்ணத்தில் எல்.ஈ.டி. பல்பைச் செருகினால் வெளிச்சம் சிதறும். காய்ந்த இரவில், நேர் ரோட்டில் பகல் மாதிரி இருக்கலாம். நானுஓயா மூட்டத்தில் வெள்ளைச் சுவர் மாதிரி இருக்கும். கூரையில் மேலதிக விளக்குப் பட்டை கட்டினால், பொலிஸ் நிறுத்துவதற்குக் காரணத்தை நீங்களே கட்டிக் கொடுத்ததாகிவிடும். அனுமதியில்லாத மாற்றம் என்று காப்புறுதிக்காரரும் பிறகு சொல்லக்கூடும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. புது லொறியில் வெளிக் கராஜ் கை வைத்தால் உத்தரவாதம் போய்விட்டது என்பார்கள். மற்றது மேலே சொன்ன எண்ணெய்ச் சேறு.

யாருக்குப் பொருந்தும்? பழைய லொறி, விற்றவர் எங்கிருக்கிறார் என்று தெரியாது, பழுது சின்னது. இந்த மூன்றும் சேர்ந்தால் வேறு வழியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

## வழி 2: விற்றவரிடம் உத்தரவாதம் கேட்டல்

செலவில்லாத வழி, புது லொறிக்கு முதல் வழி. ஆனால் தொலைபேசியில் கேட்காதீர்கள். நான் நான்கு முறை அழைத்தேன். நான்கு முறையும் மிகவும் மரியாதையாக, "அடுத்த கிழமை ஆளை அனுப்புகிறோம் ஐயா" என்றார்கள். கிழமைகள் போயின. கடைசியில் ஒரு சட்டத்தரணியிடம் போனபோது அவர் பில்லில் உள்ள திகதியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். மூன்று மாதமும் பதினொரு நாளும். அடுத்த வழியான அதிகார சபைக்கு முறையிட மூன்று மாதம்தான் தவணை. "பதினொரு நாள் முந்தி வந்திருக்கலாமே" என்றார்.

ஆகவே கடிதம், பதிவுத் தபால், பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்தல். கடிதத்தில் வோல்ட் கணக்கு இருக்கட்டும், கோபம் வேண்டாம். பதிலுக்கு இரண்டு கிழமை போதும்.

லீசிங்கில் எடுத்திருந்தால் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக இருப்பது நிறுவனம். அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். "விளக்கைச் சரிசெய்து தரும்வரை தவணை கட்டமாட்டேன்" என்று மட்டும் நிற்க வேண்டாம். விளக்குச் சண்டையில் லொறியையே தூக்கிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வழியின் மறைந்த செலவு காலம்தான். மரியாதையான குரல் ஒவ்வொன்றும் உங்கள் மூன்று மாதத்திலிருந்து ஒரு கிழமையைத் தின்கிறது.

## வழி 3: பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை

நுகர்வோர் அதிகார சபை என்று ஊரில் சொல்வது இதைத்தான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். அதன் 13ஆம் பிரிவின் கீழ், வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தந்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளை விற்றவர்மீது எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். விசாரணைக்குப் பிறகு இழப்பீடு கொடு, பொருளை மாற்றிக் கொடு, காசைத் திருப்பிக் கொடு என்று சபை கட்டளையிடலாம். சட்டத்தரணி கட்டாயமில்லை. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம், ஆனால் முறைப்பாடு எழுத்தில்தான்.

எழுத்து தமிழிலேயே இருக்கலாம். அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதுவதும் தமிழில் பதில் பெறுவதும் உரிமை. உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் நான்கு வரி எழுதுவது, யாரோ எழுதிக் கொடுத்த ஆங்கிலத்தில் நான்கு பக்கத்தைவிட வலுவானது.

பூட்டு எங்கே என்றால், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். பழுதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அல்ல, வாங்கிய நாளிலிருந்து. கொழுந்து லொறி பெரும்பாலும் பகலில் ஓடும். மாலை இருட்டுக்குப் பிறகு தொழிற்சாலைக்கு ஓட வேண்டிய பருவம் வந்த பிறகுதான் ஹெட்லைட்டின் இலட்சணம் தெரியும். அதற்குள் இரண்டு மாதம் போயிருக்கும். லொறி வாங்கிய முதல் கிழமையே ஒரு முறை இரவில், மூட்டத்தில், பாரத்தோடு ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு எல்லையும் உண்டு. இந்தச் சட்டம் வியாபாரியைத்தான் பிடிக்கும். தன் சொந்த லொறியை விற்ற ஊர்க்காரரை இங்கே இழுக்க முடியாது.

## வழி 4: மத்தியஸ்த சபை

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. சனி, ஞாயிறில், பெரும்பாலும் ஒரு பாடசாலை மண்டபத்தில் கூடும். கட்டணம் இல்லை, சட்டத்தரணிகள் பேச முடியாது. எதிரே மூன்று மத்தியஸ்தர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவராவது இருப்பார் என்று பந்தயம் கட்டலாம்.

எனக்கு இந்தச் சபையின்மீது ஒரு மரியாதை உண்டு. ஒரு முறை உறவினர் ஒருவரோடு போயிருந்தேன். பழைய முச்சக்கர வண்டி விவகாரம். விற்றவர் பதினைந்து நிமிடம் தலை நிமிரவில்லை. பிறகு ஒரு மத்தியஸ்தர், "தம்பி, இந்த வண்டியில் உங்கள் பிள்ளையை ஏற்றி அனுப்புவீர்களா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு பேச்சு தொகையைப் பற்றித்தான் நடந்தது. நீதிமன்றத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க முடியாது.

ஊரறிந்த மனிதரிடம் வாங்கியவர்களுக்கு இதுவே சிறந்த வழி. தூரத்து நிறுவனத்துக்கு எதிராகவோ இது மெலிந்த ஆயுதம். வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, கிடைப்பதும் தீர்ப்பு அல்ல, இணக்கம். இருந்தாலும் போகாமல் இருக்க முடியாத நேரமும் உண்டு. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பிணக்கென்றால், இணக்கம் ஏற்படவில்லை என்ற சபையின் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. தொகையின் எல்லையை அவ்வப்போது உயர்த்தியிருக்கிறார்கள், ஆகவே வழக்கு எழுதுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறைந்த செலவு: வியாபாரியிடம் வாங்கியவர் மூன்று மாதத்தை இங்கே கழித்துவிடக்கூடாது. அதிகார சபைக்கு முறைப்பாட்டைப் போட்டுவிட்டு இங்கே பேச வாருங்கள்.

## வழி 5: மாவட்ட நீதிமன்றம்

ஆயுதங்களில் பெரியது, தூக்கவும் கனமானது. அடிப்படை 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். பிரித்தானியர் காலத்து வாசகம், இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரு பொருளை வழமையாக விற்பவர் விற்றால் அது விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே ஒப்பந்தத்தில் சேர்ந்துவிடும். இன்ன வேலைக்கு வேண்டும் என்று நீங்கள் சொல்லி, விற்றவரின் அறிவை நம்பி வாங்கியிருந்தால் அந்த வேலைக்குப் பொருந்தவும் வேண்டும்.

இந்த இரண்டுக்கும் சட்டமே இரண்டு ஓட்டைகளையும் வைத்திருக்கிறது. பொருளை நீங்கள் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்பவர் பொறுப்பல்ல. பகலில் யார்டுக்குப் போய், ஹெட்லைட்டைப் போட்டு "எரிகிறது" என்று தலையாட்டியவர் இதில் விழுவாரா? அங்கேதான் டேப்புக்குள் ஒளிந்திருந்த வயர் முக்கியமாகிறது. எரியும் விளக்கைப் பார்த்தவருக்கு வெட்டிய வயர் தெரிந்திருக்க நியாயமில்லை. இரண்டாவது ஓட்டை, குறிப்பிட்ட வணிகப் பெயரைச் சொல்லி "இந்த லொறிதான் வேண்டும்" என்று வாங்கியவருக்கு 'வேலைக்குப் பொருந்தும்' என்ற காப்பு இல்லை. ஆகவே இனி வாங்கப்போகிறவர்கள் கட்டளைப் படிவத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள்: "நுவரெலியா–தம்புள்ளை, இரவு ஓட்டம், பனிமூட்டம், மூன்று தொன்." எழுதச் செலவில்லை.

காலம் தாராளம். எழுத்து ஒப்பந்தத்தின்மீதான வழக்குக்கு 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் ஆறு ஆண்டு தருகிறது; எழுத்தில்லாத ஒப்பந்தத்துக்கு மூன்று. விற்பனைப் படிவத்தின் பின்பக்கம் "எதற்கும் பொறுப்பில்லை" என்று அச்சிட்டிருந்தால் உடனே மனம் தளர வேண்டாம். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் அப்படிப்பட்ட வாசகங்களுக்குக் கடிவாளம் போடுகிறது. சட்டத்தரணியிடம் அந்தப் பின்பக்கத்தையும் காட்டுங்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. நமது பக்க நீதிமன்றங்களில் நடவடிக்கை பெரும்பாலும் சிங்களத்தில். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி தமிழில் வழக்கைத் தொடுக்கலாம், மொழிபெயர்ப்பு வசதியும் அரசின் பொறுப்பு. உரிமை தாளில் உண்டு, கேட்டு வாங்க வேண்டும்.

செலவு? சட்டத்தரணி, நிபுணரின் அறிக்கை, அந்த நிபுணரைச் சாட்சிக் கூண்டுக்குக் கொண்டுவருதல், ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள். விற்றவரின் பக்கம் "வருடாந்தத் தகுதிச் சான்றிதழில் இந்த லொறி தேறியிருக்கிறதே" என்று கேட்கும். அதற்கும் பதில் வேண்டும். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் உங்கள் தலையில் விழலாம். ஒரு ஜோடி விளக்கும் பத்து மீற்றர் வயரும்தான் இழப்பு என்றால் இந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் ஈடாகாது. சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் பார்த்துத்தான் உதவும். லொறி உரிமையாளர் என்றதும் பெரும்பாலும் தலையசைப்பார்கள்.

சேர்ந்து போட்டால்? அமெரிக்காவில் ஒரே மொடல் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு தயாரிப்பாளர்மீது ஒரே வழக்குப் போடுவதுண்டு. இங்கே அந்த அளவுக்கு இல்லை. ஆனால் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 16ஆம் பிரிவு, ஒரே நலன் உள்ள பலருக்காக ஒருவரோ சிலரோ நீதிமன்ற அனுமதியோடு வழக்காட இடம் தருகிறது. ஒரே முகவர், ஒரே மொடல், ஒரே வகைப் பழுது. அப்படிப் பத்துப் பேர் கிடைத்தால் நிபுணரின் செலவு பத்தாகப் பிரியும். ஒருவருக்கு வயர், இன்னொருவருக்குக் கண்ணாடி, மற்றவருக்குப் பல்ப் என்றால் நலன் ஒன்றல்ல, கூட்டமும் நிலைக்காது.

## ஒரே பார்வையில்

| வழி | காலக்கெடு | கிடைக்கக்கூடியது | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|
| கராஜ் | இல்லை | உடனே வெளிச்சம் | சான்றும் உத்தரவாதமும் போகலாம் |
| விற்றவர் | உத்தரவாதப் புத்தகத்தின்படி | இலவசமாகச் சரிசெய்தல் | இழுத்தடிப்பில் மூன்று மாதம் கரைதல் |
| அதிகார சபை | விற்பனையிலிருந்து 3 மாதம் | இழப்பீடு, மாற்றுப் பொருள், காசு | வியாபாரிக்கு எதிராக மட்டும் |
| மத்தியஸ்த சபை | கூடிய விரைவில் | இணக்கம் அல்லது சான்றிதழ் | வராதவரை வரவைக்க முடியாது |
| மாவட்ட நீதிமன்றம் | எழுத்து ஒப்பந்தம் 6 ஆண்டு | முழு நட்டஈடு | நிற்கும் லொறி, நீளும் தவணை |

## மூவருக்கும் சொன்னது

பண்டாரவளைக்காரருக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. விற்றவர் வியாபாரி அல்ல, ஆனால் ஊரில் பெயருள்ள மனிதர். மத்தியஸ்த சபை. வோல்ட் கணக்கையும் படங்களையும் கொண்டு போகச் சொன்னேன். கேட்கும் தொகை பழுதுபார்த்த செலவும் மூன்று நாள் ஹயரும். அதற்கு மேல் கேட்டால் அவர் முறுக்கிக்கொள்வார்.

தம்புள்ளை ஓட்டக்காரரின் விடயத்தில் நான் முதலில் தவறாகக் கணித்தேன். எட்டு மாதமாகிவிட்டது, அதிகார சபைக் கதவு சாத்திவிட்டது, கராஜுக்குப் போங்கள் என்றேன். பிறகு அவர் கராஜ் அறிக்கையைக் கொண்டுவந்தார். ஹெட்லைட் வயர் மட்டுமல்ல, டாஷ்போர்டுக்குப் பின்னால் முழு வயர்க் கட்டும் ஒரு முறை எரிந்து, ஒட்டுப் போட்டு மறைக்கப்பட்டிருந்தது. அது இனி விளக்குப் பிரச்சினை அல்ல, தீப்பிடிக்கக்கூடிய லொறி. விற்பனைப் படிவத்திலும் "மின்வேலை சரிபார்க்கப்பட்டது" என்று கையெழுத்தோடு ஒரு வரி இருந்தது. இங்கே கோரிக்கைக் கடிதமும், பதில் வராவிட்டால் வழக்கும் ஈடாகும். எரிந்த வயர்க் கட்டை அவர் வெளியே எடுக்கவில்லை. யார்ட்காரருக்கு வந்து பார்க்கத் திகதி கொடுத்திருக்கிறார். அதுவரை பேலியகொடைக்குப் பகல் ஹயர்தான்.

பூண்டுலோயாக்காரர் வந்தபோது லொறி வாங்கி இரண்டு மாதமும் மூன்று கிழமையும். முகவரிடம் மூன்று முறை தொலைபேசியில் பேசியிருந்தார், ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. அன்றே என் மேசையில் உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினோம். ஒன்று முகவருக்கு, பிரதி லீசிங் நிறுவனத்துக்கு. மற்றது அதிகார சபைக்கு முறைப்பாடு. முகவருக்கு வந்து பார்க்க ஏழு நாள்.

"அதுவரை மாலைக் கொழுந்துக்கு என்ன செய்வது?" என்று கேட்டார்.

பக்கத்துத் தோட்டத்தில் மச்சான் ஒருவரின் லொறி இருந்தது. மாலை நடையை அவருக்குக் கொடுத்துவிட்டு, காலை நடையைத் தான் எடுப்பதாகப் பேசி முடித்தார். ஏழு நாளில் முகவரின் ஆள் வரவில்லை. எட்டாம் நாள், வாகனப் பொறியியல் படித்த ஒருவரை வைத்து அளந்து, எழுதி, கழற்றி, புது விளக்கு மாட்டினார். பழைய விளக்குகள் இரண்டும் வயர் முனைகளோடு, திகதி எழுதிய அட்டை கட்டி, ஒரு மாச் சாக்கில் அவர் வீட்டுப் பரணில் இருக்கின்றன. பிள்ளைகள் கை வைக்காமல் இருக்கச் சாக்கின் மேல் "வழக்கு" என்று எழுதியிருக்கிறார். வழக்கே இல்லையே என்றேன். அப்படி எழுதினால்தான் யாரும் தொடமாட்டார்கள் என்றார்.